180 லிட்டர் ரீஃப் டேங்குக்கு 1000 லிட்டர் ஸ்கிம்மர்: கப் காலியாகவே இருக்கு, ஏன்?

பவளப்பாறை90:
பவளம் வளர்க்கிற கடல்நீர் டேங்க், 90×45×45 செ.மீ. சம்ப் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) 60×30, தண்ணீர் 20 செ.மீ. லைவ் ராக் (நுண்ணுயிர் வாழும் கடல்பாறை) 20 கிலோ. மீன் மூன்றே மூன்று: இரண்டு கிளவுன், ஒரு கோபி. மற்றதெல்லாம் சாஃப்ட் கோரல் (மென்பவளம்). பெட்டியில் "1000 லிட்டர் வரை" என்று போட்டிருந்த ஸ்கிம்மர் (குமிழி ஊதி, தண்ணீரில் இருக்கும் கழிவை நுரையாக்கி மேலே கப்பில் சேர்க்கும் கருவி) ஆறு வாரமாக ஓடுது. நுரை, கப்புக்கு ஏறும் கழுத்துக் குழாயில் பாதி ஏறி அங்கேயே உடையுது. வாரத்துக்கு இரண்டு ஸ்பூன் அழுக்குகூட சேரலை. பம்ப் கோளாறா, சைஸ் தப்பா?

உப்புத்தண்ணி:
சைஸ்தான் சார் முதல் சந்தேகம். டேங்க் 182, சம்ப் 36 லிட்டர். பாறை, மணல், மேலே விடும் இடம் கழித்தால் நிகரம் 180 பக்கம்தான் வரும். குமிழி உடையாமல் நிற்க அதன்மேல் புரதம் படியணும். வெறும் தண்ணீரில் ஊதும் குமிழி நிற்காது. கழுத்தின் குறுக்களவை அளந்து பாருங்க. 10 செ.மீ. என்றால் பரப்பு 78 சதுர செ.மீ., 5 செ.மீ. கழுத்துக்கு 20கூட வராது. நாலு மடங்கு இடத்தை மூணு மீனின் கழிவு எப்படி நிரப்பும்? பெட்டியில் போடும் லிட்டர் கணக்குக்குப் பொதுவான அளவுகோலும் கிடையாது, ஆளுக்கொரு கணக்கு.

நுரைக்குழாய்:
ஸ்கிம்மரை மாத்துறதுக்கு முன்னால் ஒன்று பாருங்க. சம்பில் ஸ்கிம்மர் எந்த அறையில் இருக்கு?

பவளப்பாறை90:
கழுத்து 10 செ.மீ.தான். தண்ணீரை மேல்டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையில் வைத்திருக்கேன். காலையில் 20 செ.மீ. இருக்கும் தண்ணீர் ராத்திரிக்குள் 17 ஆகுது, அப்புறம் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவேன்.

நுரைக்குழாய்:
அப்போ சைஸோடு இதுவும் சேர்ந்திருக்கு. ஆவியாகிற தண்ணீரெல்லாம் அந்த அறையில்தான் குறையும். வெளியே 3 செ.மீ. இறங்கினால் உள்ளே நுரை மட்டமும் இறங்கிடும். தடுப்பால் மட்டம் மாறாமல் நிற்கும் அறைக்கு மாத்துங்க. மேனுவலில் சொன்ன ஆழத்தைவிடத் தண்ணீர் அதிகமானால் அடியில் அக்ரிலிக் துண்டு வைத்து உயர்த்துங்க. வெளியேற்று வால்வை ஒரே நாளில் மூடாதீங்க. கால் திருப்பு, ஒரு நாள் விட்டுப் பாருங்க. அதிகம் மூடினால் கப்பில் வெறும் தண்ணீர்தான் நிரம்பும்.

காற்றுக் குழாயைக் கழற்றி நுனியில் விரல் வையுங்க. உறிஞ்சல் தெரியலைன்னா காற்றை உள்ளே இழுக்கும் வெஞ்சுரி வாயில் உப்பு கட்டியிருக்கு, வெந்நீர் போதும். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் பாதி வினிகர், பாதி தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்க.

உப்புத்தண்ணி:
இதெல்லாம் செய்தும் ஏறலைன்னா மாத்திடுங்க. உங்க அளவுக்கு 5-6 செ.மீ. கழுத்து, பெட்டியில் அதிக மீன் சுமைக்கு 200-250 லிட்டர் என்று போட்டது சரியா இருக்கும். இதைவிடப் பெரிசு வாங்கி "மீன் கூடும்போது உதவும்" என்று நினைக்கிறது வீண் செலவு. இப்போதைக்கு வாரம் 10% தண்ணீர் மாற்றினால் இந்தச் சுமைக்கு ஸ்கிம்மர் இல்லாமலேகூட ஓடும். ஆனால் ஸ்கிம்மர் காற்றும் கலக்குது, அதனால் கப் காலியாக இருந்தாலும் நிறுத்தாதீங்க.

அலையோரம்:
கரண்ட் போனால் மேல்டேங்க் தண்ணீர் சம்பில் இறங்கும். கரண்ட் வந்ததும் ஸ்கிம்மர் அந்த உயர்ந்த மட்டத்தில் ஓட ஆரம்பித்து, கப்பில் இருக்கிற அழுக்கைச் சம்பிலேயே திரும்பக் கொட்டிடும். ரிட்டர்ன் பம்ப் ஓட ஆரம்பித்துப் பத்து நிமிஷம் கழித்து ஸ்கிம்மர் ஓடுற மாதிரி டிலே டைமர் போடுங்க.