புள்ளிமானுக்கு முதல் தனிக் காவல்

திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டான் பக்கம் மானாவாரிப் புஞ்சை வைத்திருப்பவர்களுக்கு மார்கழியில் தூக்கம் கிடையாது. உளுந்து காய் பிடிக்கிற நேரம். இருட்டியதும் சரணாலயத்திலிருந்து புள்ளிமான்கள் இறங்கிவிடும். 2013இல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தின் பரப்பு 288 ஹெக்டேர்தான். அதை ஒட்டி நான்குவழிச் சாலையும் ரயில் பாதையும் ஓடுகின்றன. சற்றுத் தள்ளி சிப்காட் தொழிற்பேட்டை. உள்ளே மேய்ச்சல் குறைந்தால் மான் வெளியே வராமல் என்ன செய்யும்? சித்தப்பாவின் புஞ்சை சரணாலயத்துக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கிறது. அவர் காய்ச்சலில் படுத்த சமயத்தில் முதன்முறையாக நான் தனியாகக் காவலுக்குப் போனேன்.

கல்லூரியில் வில்வித்தை பயின்றவன் நான். 70 மீட்டர் தள்ளி நிற்கும் 122 சென்டிமீட்டர் வட்டப் பலகையில் அம்பு எய்கிற ஒலிம்பிக் முறை அது. எங்கள் ஊரில் வில் என்றால் கோயில் கொடைக்குக் கொடை குடத்தோடு கட்டி வீசுகோலால் தட்டிப் பாடுகிற வில்தான் எல்லாருக்கும் தெரியும். அதனால் என் வில்லைப் பார்த்ததும், மான் அடித்திருக்கிறாயா என்றுதான் கேட்பார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது சிறைக்குப் போக வேண்டிய குற்றம். அந்தச் சட்டம் இல்லாதிருந்தாலும் நான் எய்ய மாட்டேன்.

ஆனால் வில்வேட்டைக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் உரிமம் வாங்கி, அதற்கென்று ஒதுக்கிய பருவத்தில் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் உண்டு. துப்பாக்கிக்காரரைப் போல அவர்கள் தொலைவிலிருந்து சுட முடியாது. இருபது, முப்பது மீட்டருக்குள் மான் தானாக வந்து நிற்க வேண்டும். அதற்காக முதலில் காற்றைப் பார்க்கிறார்கள். மானின் மூக்கை ஏமாற்ற வழியே இல்லை. காற்று மானிடமிருந்து நம்மை நோக்கி வர வேண்டும். திசை மாறினால் அன்றைய காத்திருப்பு வீண்.

வில்லை வீட்டில் வைத்துவிட்டு, இந்த அறிவை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பா வழக்கமாக உட்காரும் பரண் சரணாலயத்துப் பக்க வரப்பில் இருக்கிறது. மான் நுழையும் வாசலிலேயே மறிப்பது அவர் கணக்கு. ஆனால் அந்த வரப்பு நீளமானது. பரணுக்கு எட்டாத மூலையில் மான் நுழைந்துவிட்டால், சத்தம் போடுகிற ஆள் காட்டுக்கும் மானுக்கும் நடுவில் நிற்பார். சத்தத்துக்கு எதிர்ப்பக்கம்தான் மான் பாயும். எதிர்ப்பக்கம் சாலை. லாரியில் அடிபட்டுக் கிடக்கும் மான்களை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிடி உளுந்துக்காக ஓர் உயிர் தாரில் கிடப்பதை என்னால் பொறுக்க முடியாது.

வரப்பில் நின்று ஒரு பிடி பொடிமண்ணை உதிர்த்துப் பார்த்தேன். அன்று காற்று காட்டிலிருந்து சாலையை நோக்கி அடித்தது. ஆகவே சாலைப் பக்க வரப்பில், ஓர் உடைமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். முள் குத்தியது. பரவாயில்லை, மறைவு நன்றாக இருந்தது. டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டியிருந்தேன். மான்களின் கண்ணுக்குச் சிவப்பு நம்மைப்போல் தெரியாது. துணைக்கு ஆள் இல்லாதபோது காது தானாக விரிகிறது. லாரிகளின் இரைச்சல், தொலைவில் ரயில், ஆள்காட்டிக் குருவியின் கத்தல் எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. அந்தக் குருவி திடீரென்று கத்தினால் ஏதோ நகர்கிறது என்று பொருள்.

நள்ளிரவுக்குப் பிறகு அது கத்தியது. முதலில் வந்தது ஒரு கிழட்டுப் பெட்டை மான். வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தது. அதன் பின்னால் ஐந்தாறு பெட்டைகள், ஒரு குட்டி, கடைசியாகக் கொம்பு முற்றிய ஒரு கலை, அதாவது ஆண் மான். காற்று எனக்குச் சாதகமாக இருந்ததால் மேய்ந்துகொண்டே என்னை நோக்கி வந்தன. என் கண் பழக்கதோஷத்தில் தூரத்தை அளந்தது: ஐம்பது, நாற்பது, முப்பது. கலைமான் இருபது மீட்டருக்குள் வந்து பக்கவாட்டில் நின்றது. அது உளுந்தை மெல்லும் சத்தம் கேட்டது. வில்லாளி ஏங்குகிற தூரம் அது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கை மட்டும் போட்டிக் களத்தில் இருப்பதுபோல அசையாமல் இருந்தது. இவ்வளவு அழகான ஒன்றை இவ்வளவு அருகில் நான் அதுவரை பார்த்ததில்லை.

சித்தப்பாவின் உளுந்து நினைவுக்கு வந்தது. மெதுவாக எழுந்து நின்றேன். அவ்வளவுதான் செய்தேன், தகரத்தைத் தட்டவில்லை, கத்தவும் இல்லை. கிழட்டுப் பெட்டை முன்னங்காலால் தரையை உதைத்தது. வால் நிமிர்ந்தது. கீச்சென்று ஓர் எச்சரிக்கைக் குரல். மறுகணம் கூட்டம் முழுதும் திரும்பி, வந்த வழியே காட்டுக்குள் போய்விட்டது. குட்டி மட்டும் வரப்பில் தடுமாறி, தாய் நின்று பார்த்த பிறகு தாண்டியது.

விடிந்ததும் சித்தப்பாவிடம் சொன்னேன். சரணாலயத்துப் பக்கத்துப் பாத்தியில் சேதம் இருக்குமே என்று கேட்டார். இருந்தது, கொஞ்சம். சாலைப் பக்கம் உட்கார்ந்தால் அந்தக் கொஞ்சத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவர் யோசித்துவிட்டு, காய்ச்சல் தெளிந்ததும் பரணைப் பிரித்து உடைமரத்துப் பக்கம் மாற்றிக் கட்டச் சொன்னார். காற்று எதிர்த்து அடிக்கிற இரவுகளில் நம் வாடையே மானை உள்ளே வராமல் நிறுத்திவிடுகிறது. அப்போதும் அந்த இடம்தான் நல்லது.

வேலியில் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சுகிறவர்களைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. அது மனிதரையும் கொல்லும். பக்கத்துப் புஞ்சைக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை, ஆனால் இரண்டு நாய்களோடு காவலுக்கு வருகிறார். நாய் துரத்தினால் மான் காடு எது, சாலை எது என்று பார்க்காது. நாயை வீட்டில் கட்டிவிட்டு எங்கள் வரப்பிலேயே வந்து உட்காருங்கள் மாமா, இரண்டு புஞ்சையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொங்கலுக்குள் சம்மதிக்க வைத்துவிடுவேன்.