புதுப்பிப்பு: மூடி வைத்த லேப்டாப்பில் பேட்டரி கரைந்த சிக்கல் தீர்ந்தது

லினக்ஸ் லேப்டாப்பை இரவில் மூடி வைத்தால் காலையில் பேட்டரி காலியாகிவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பேட்டரியை மாற்ற வேண்டியதில்லை, அதில் பழுதே இல்லை.

காரணம் உறக்க முறை. சிஸ் அடைவில் பவர் என்பதன் கீழ் மெம்_ஸ்லீப் (/sys/power/mem_sleep) என்றொரு கோப்பு உண்டு. அதில் எஸ்2ஐடில் (s2idle), டீப் (deep) என இரண்டு உறக்க முறைகள் இருந்தன. அடைப்புக்குறிக்குள், அதாவது நடப்பில், இருந்தது எஸ்2ஐடில். இந்த முறையில் ப்ராசஸர் சும்மா இருக்குமே தவிர முழுதாக அணையாது. ஏதாவது ஒரு சாதனம் அடங்காமல் இருந்தாலும் சார்ஜ் இறங்கிக்கொண்டே போகும். டீப் முறையில் ரேமைத் தவிரப் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் நின்றுவிடும்.

ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, அந்தக் கோப்பில் டீப் என எழுதி, உறங்க வைத்து எழுப்பினேன். திரை, வைஃபை, டச்பேட் எல்லாம் ஒழுங்காகத் திரும்பின. தயவுசெய்து இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். சில இயந்திரங்கள் எழாமல் கருந்திரையோடு நின்றுவிடும். ரீபூட் செய்தால் பழைய முறைக்கே திரும்பிவிடும் என்பதால் பயமில்லை. அதன் பிறகே, மாற்றம் நிலைத்திருக்க, லினக்ஸைத் துவக்கும் நிரலான க்ரப்பின் அமைப்பில், கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வரியில் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப் (mem_sleep_default=deep) என்று சேர்த்தேன். இப்போது காலையில் சார்ஜ் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

உங்கள் கோப்பில் டீப் இல்லையென்றால், பயாஸில் (கணினி துவங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை அமைப்பு) உறக்க முறைக்கான தேர்வு இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால் ஹைபர்னேட்டை (நினைவகத்தில் உள்ளதை வட்டில் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) முயலலாம்.