கடலூர் வெயிலில் சோர்டோ தாய்மாவு அடங்கிப்போவது ஏன்?

கேள்வி: செம்மண்டலம் தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் செம்மண்டலத்தில் சிறிய தனி வீட்டில் வசிக்கிறோம். மொட்டைமாடியில் கீரையும் கத்தரியும், கொல்லையில் சில நாட்டுக்கோழிகளும், சமையலறைக் கழிவுக்கு ஓர் உரத்தொட்டியும் வைத்து, கடையில் வாங்குவதைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறோம். அடுத்ததாக, ஈஸ்ட் வாங்காமல், தானாகப் புளித்த மாவைக் கொண்டு சோர்டோ என்னும் ரொட்டி சுடும் எண்ணத்தில் ஸ்டார்ட்டர் எனப்படும் தாய்மாவைத் தொடங்கினேன். மைதாவையும் தண்ணீரையும் சம எடையில் கலந்து, காணொளிகளில் சொல்வதுபோல் தினமும் ஒருமுறை பாதியை எடுத்துவிட்டுப் புது மாவு சேர்க்கிறேன். தொடக்கத்தில் ஜாடி விளிம்புவரை பொங்கியது, பிறகு அசைவே இல்லை. இப்போது மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் பிரிந்து நிற்கிறது. வார்னிஷ் போன்ற நெடியும் வருகிறது. இது கெட்டுவிட்டதா? ஒரு கரண்டி இட்லி மாவு சேர்த்தால் உயிர் பெறுமா? எடுத்துவிடும் மாவைக் கோழிகளுக்கு வைக்கலாமா?

பதில் 1: லாஸ்பேட்டை அடுப்படி

கெட்டுவிடவில்லை அம்மா, பசியில் கிடக்கிறது. நீங்கள் முதலில் கண்ட பொங்கல் ஈஸ்ட்டால் வந்ததன்று. மாவில் இயல்பாகவே இருக்கும் சில பாக்டீரியாக்கள் முதலில் பெருகி வாயுவை உண்டாக்குகின்றன. அவற்றோடு பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களால் புளிப்பு ஏற ஏற, அதைத் தாங்க முடியாமல் முன்னவை ஒடுங்கிவிடுகின்றன. புளிப்பைத் தாங்கும் காட்டு ஈஸ்ட்டுகள் அதன் பிறகே மெல்லத் தலையெடுக்கும். இடையில் வரும் அந்த மந்தமான நாட்களில்தான் பலரும் மனம் தளர்ந்து ஜாடியைக் கழுவிவிடுகிறார்கள்.

உங்கள் சிக்கல் பெரும்பாலும் நம் ஊர் வெப்பத்தால் வருவது. அந்தக் காணொளிகள் 21 முதல் 24 டிகிரி வரை இருக்கும் சமையலறைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கோடையில் நம் வீடுகளில் இரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இந்தச் சூட்டில், சம அளவு மாவு சேர்த்த தாய்மாவு சில மணி நேரத்திலேயே உணவைத் தின்று தீர்த்துவிட்டு, மீதிப் பொழுது முழுவதும் பட்டினி கிடக்கும். மேலே நிற்கும் தண்ணீரும் வார்னிஷ் நெடியும் அதன் அடையாளங்களே. ஆகவே 10 கிராம் பழைய மாவுக்கு 50 கிராம் புது மாவு, 50 கிராம் தண்ணீர் என்ற அளவுக்கு மாறி, காலையும் மாலையும் ஊட்டுங்கள். ஜாடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு, மாவு உச்சிக்கு ஏறி நடுவில் குழிவிழத் தொடங்கும் நேரத்தைக் கவனியுங்கள். அதுதான் ஊட்டுவதற்கான வேளை; கடிகாரத்தை நம்ப வேண்டாம். ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் ஜாடியை வைக்கச் சிலர் சொல்வார்கள். கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் அதனால் கிடைக்கும் குளிர்ச்சி சொற்பமே. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஜாடியை நிறுத்தி, பக்கத்தில் ஐஸ் பாட்டில் ஒன்றை வைப்பது மேல்.

இட்லி மாவு வேண்டாம் என்பது என் கருத்து. அது பொங்குவதற்கு முதன்மைக் காரணம் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. உங்களுக்குத் தேவையான ஈஸ்ட் அதிலிருந்து போதிய அளவில் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

பதில் 2: மஞ்சக்குப்பம்

மேலே சொன்னவற்றோடு தண்ணீரையும் பாருங்கள். கடலூரில் கடலை ஒட்டிய பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். உப்பு புளிப்பேறுவதைத் தாமதப்படுத்தும். குழாய் நீரில் குளோரின் வாசனை அடித்தால், கொதிக்க வைத்து ஆறவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மைதாவில் தவிடு நீக்கப்பட்டிருப்பதால், தொடக்க நிலையில் மில்லில் அரைத்த கோதுமை மாவைப் பாதிக்குப் பாதி கலப்பது நல்லது. நுண்ணுயிர்களும் தாது உப்புகளும் தவிட்டுப் பகுதியில்தான் அதிகம். ஜாடி மூடியைத் திருகி இறுக்க வேண்டாம்.

பதில் 3: முத்தியால்பேட்டை கோழிக்கூடு

கோழிகளுக்குத் தவிட்டோடு பிசைந்து சிறிதளவு வைக்கலாம், அதையே தீவனமாக்கிவிடக் கூடாது. இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கோடுகளோ பூஞ்சையோ தெரிந்தால் கோழிக்கும் வேண்டாம், அடுத்த ஊட்டலுக்கும் வேண்டாம். ஜாடியோடு கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். உரத்தொட்டியில் போடுவதானால் காய்ந்த சருகை மேலே போட்டு நன்றாக மூடுங்கள், இல்லாவிட்டால் புளித்த வாடைக்கு ஈக்கள் மொய்க்கும். உண்மையில், தாய்மாவு தேறிய பிறகு எடுத்துவிடும் மாவில் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துக் கோதுமை தோசை வார்த்தால் கோழிக்கு மிஞ்சாது. தொடங்கும்போதே ஒரு கிண்ணம் மாவு கரைக்கச் சொல்லும் குறிப்புகள் எனக்கு வீணாகவே படுகின்றன.

செம்மண்டலம் தோட்டம்

மூவருக்கும் நன்றி. தேறிய பிறகு குளிர்பெட்டியில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் மின்சாரம் போய்விடுமே?

லாஸ்பேட்டை அடுப்படி

குளிர்பெட்டியில் வைத்தால் வாரம் ஒருமுறை ஊட்டினாலே போதும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் உங்கள் கடலூருக்கும் எங்கள் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது மின்சாரம் எவ்வளவு காலம் இல்லாமல் போனது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே குளிர்பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். மழைக்காலத்துக்கு முன்பே, நன்றாகப் பொங்கிய தாய்மாவில் இரண்டு கரண்டியை வெண்ணெய்த்தாளில் மெல்லியதாகத் தடவி, நிழலில் மின்விசிறிக் காற்றில் மொறுமொறுவென்று காயவிடுங்கள். நேர் வெயிலில் வைத்தால் ஈஸ்ட் செத்துவிடக்கூடும். அதை நொறுக்கி ஈரம் புகாத டப்பாவில் அடைத்தால் பல மாதங்கள் கெடாது. வேண்டும்போது வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மாவு சேர்த்துச் சில முறை ஊட்டினால் மறுபடியும் பொங்கும்.