குளோன் அட்டையும் ஹெக்ஸ்ப்ரூஃப் கிரீச்சரும்: ஓர் ஐயம்

சாட்ஸ்வொர்த்வாசி:
வணக்கம். சென்ற சனிக்கிழமை 'மேஜிக்: தி கேதரிங்' அட்டை விளையாட்டு ஆடியபோது, எதிராளியிடம் மூன்று +1/+1 கவுன்டர்களுடன் (வலிமையையும் தாங்குதிறனையும் ஒவ்வொன்று கூட்டும் குறிகள்) நின்ற ஹெக்ஸ்ப்ரூஃப் கிரீச்சரை (போரிடும் உயிரி அட்டை) என் குளோனால் (இன்னொரு கிரீச்சரின் நகலாக இறங்கக்கூடிய அட்டை) நகலெடுக்க முயன்றேன். அதைக் குறிவைக்கவே முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதானா?

டர்பன் ஆட்டக்காரர்:
சரியன்று, தம்பி. ஹெக்ஸ்ப்ரூஃப் தடுப்பது எதிராளி 'டார்கெட்' செய்வதை மட்டுமே. குளோன் அட்டையிலோ அந்தச் சொல்லே கிடையாது. எதை நகலெடுப்பது என்பதைக் குளோன் களத்தில் இறங்கும் கணத்தில்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதால், தேர்ந்த பிறகு எதிராளி குறுக்கிட வழியில்லை. தடுக்க நினைத்தால், குளோன் ஸ்டாக்கில் (நிறைவேறக் காத்திருக்கும் அட்டைகளின் அடுக்கில்) இருக்கும்போதே அவர் ஏதாவது செய்திருக்க வேண்டும். ஆனால் கவுன்டர்கள் நகலாகா. அட்டையில் அச்சிட்ட வலிமையும் திறன்களும், ஹெக்ஸ்ப்ரூஃப் அச்சிடப்பட்டிருந்தால் அதுவும், உங்களுக்குக் கிடைக்கும்.

பழைய துனிக்காரர்:
துனி சீட்டாட்டத்தில் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20 என்று மனப்பாடமாக ஆடிய எனக்கு, அட்டையை எழுத்தெண்ணிப் படிக்கும் பழக்கம் தாமதமாகவே வந்தது. ஒன்று சேர்க்கிறேன்: எதையும் நகலெடுக்காவிட்டால் குளோன் 0/0 ஆகவே (வலிமை, தாங்குதிறன் இரண்டும் பூஜ்யம்) இறங்கி, வேறெதுவும் அதன் தாங்குதிறனைக் கூட்டாதவரை, உடனே இறந்துவிடும்.

சாட்ஸ்வொர்த்வாசி:
நன்றி, ஐயா. அந்தக் கிரீச்சரோடு ஒட்டியிருக்கும் ஆராவும் (மந்திர அட்டை) நகலாகாதுதானே?

டர்பன் ஆட்டக்காரர்:
ஆகாது.