லுவா பிழை எழுப்பும்போது சி பிளஸ் பிளஸ் அழிப்பிகள் இயங்காதது ஏன்?

தறிநூல் (கேள்வி)

வணக்கம். எங்கள் தரவுச் சேகரிப்பு நிரலுக்குள் லுவா 5.4 என்ற ஸ்கிரிப்ட் மொழியைப் பதித்திருக்கிறோம். நிரலின் மையம் சி பிளஸ் பிளஸ். லுவா நூலகத்தை மட்டும், அது வரும் வடிவிலேயே, சி மொழியாகக் கம்பைல் செய்திருக்கிறோம். ஸ்கிரிப்டுகள் அழைப்பதற்காக நாங்கள் பதிவு செய்துள்ள செயற்கூறுகளுள் ஒன்று, முதல் அளபுருவில் கோப்பின் பெயரைப் பெற்றுக் கோப்பைத் திறக்கிறது. பிறகு இரண்டாம் அளபுருவாக வரும் வரி எண்ணைச் சரிபார்த்து, அந்த வரியைத் திருப்பித் தருகிறது.

எண் வர வேண்டிய இடத்தில் ஸ்கிரிப்ட் ஒரு டேபிளை அனுப்பினால் பிழைச்செய்தி முறையாகவே வருகிறது, பிகால் (எழும் பிழையைப் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்பான லுவா அழைப்பு) அதைப் பிடிக்கிறது, நிரலும் தொடர்ந்து ஓடுகிறது. ஆனால் திறந்த கோப்பு மூடப்படுவதில்லை. செயற்கூற்றுக்குள் இருந்த ஸ்ட்ரிங் பொருளின் நினைவகமும் விடுவிக்கப்படுவதில்லை. நீண்ட நேரம் ஓடினால், புதிய கோப்பு எதையும் திறக்க இயங்குதளம் மறுத்துவிடுகிறது. பொருளின் ஆயுள் முடியும்போது அதைத் துப்புரவாக்கும் அழிப்பி தானே இயங்க வேண்டாமா? இன்னொன்று: அமைப்புக் கோப்பிலிருந்து ஒரு டேபிளை நேரடியாகப் படிக்கும் இடத்தில், சில வேளைகளில் 'பேனிக்' என்று தொடங்கும் ஒரு வரியை அச்சிட்டுவிட்டு நிரல் முழுவதும் நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகளா?

அச்சாணி

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். சி மொழியாகக் கம்பைல் செய்த லுவாவில் பிழை எழுப்புவது என்பது ஒரு லாங்ஜம்ப், அதாவது முன்பே குறித்த இடத்துக்கு நேரடித் தாவல், அவ்வளவே. பிகால் உள்ளே நுழையும்போது செட்ஜம்ப் கொண்டு ஒரு மீள்புள்ளியைக் குறித்து, அதை லுவாவின் இயக்க நிலையைத் தாங்கும் ஸ்டேட்டில் உள்ள 'எரர்ஜம்ப்' என்ற சுட்டில் (பாயிண்டரில்) வைக்கிறது. முந்தைய மீள்புள்ளியின் முகவரி புதியதற்குள் சேமிக்கப்படுவதால், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல பிகால்கள் இருக்க முடிகிறது. பிழை எழுந்ததும் அதன் எண் அந்தக் கட்டமைப்பில் எழுதப்படுகிறது, கட்டுப்பாடு நேராக மீள்புள்ளிக்குத் தாவுகிறது. இடையில் இருந்த உங்கள் செயற்கூற்றின் சட்டகம் (அதன் அழைப்புக்கான அடுக்குப் பகுதி) எந்தச் சடங்கும் இன்றிக் கைவிடப்படுகிறது. அழிப்பியை அழைக்க வேண்டும் என்பது லாங்ஜம்பிற்குத் தெரியாது. அழிப்பி உள்ள பொருள்களைத் தாண்டி அப்படித் தாவுவதை சி பிளஸ் பிளஸ் தரநிலையே வரையறுக்கப்படாத நடத்தை என்கிறது. இப்போது உங்களுக்கு நினைவகக் கசிவோடு முடிகிறது என்றால், அதை நல்வாய்ப்பு என்றே சொல்வேன்.

உடனடித் தீர்வு எளிது. அளபுருக்கள் அனைத்தையும் சரிபார்த்து முடித்த பின்பே கோப்பைத் திறவுங்கள். ஆனால் அது பாதி வழிதான். ஏனெனில் திறந்த பிறகு விளைவை லுவாவின் அடுக்கில் (மதிப்புகளைப் பரிமாறும் இடத்தில்) வைக்க ஒரு சரத்தைத் தள்ளினாலும், நினைவகம் போதாமல் அங்கேயே பிழை எழக்கூடும். லுவா கையேட்டில் ஒவ்வொரு ஏபிஐ (சி நிரல் லுவாவை அழைக்கும் இடைமுகம்) செயற்கூற்றுக்கும் அருகில் சதுர அடைப்புக்குறிக்குள் மூன்று குறிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது குறிதான் இங்கே முக்கியம். சிறு கோடு இருந்தால் அது ஒருபோதும் பிழை எழுப்பாது. 'எம்' என்றால் நினைவகப் பிழை மட்டும் வரலாம். 'வி' என்றால் விளக்கத்தில் சொல்லப்பட்ட பிழைகள் வரலாம். 'இ' என்றால் மெட்டாமெத்தட் (ஒரு பொருளின் நடத்தையை மாற்றியமைக்கும் செயற்கூறு) வழியாக எந்த லுவா நிரலும் ஓடக்கூடும் என்பதால் எந்தப் பிழையும் வரலாம். பலரும் இந்தக் குறியைக் கண்டுகொள்வதே இல்லை.

முழுத் தீர்வு, கோப்பின் உரிமையை லுவாவிடமே கொடுத்துவிடுவது. லுவாவின் சொந்த ஐஓ நூலகம் இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள்: முதலில் யூசர்டேட்டா (சி தரவைத் தாங்கும் லுவா பொருள்) ஒன்றை உருவாக்கி, அதை 'மூடிய கோப்பு' என்ற நிலையில் வைத்து, மெட்டாமெத்தட்கள் அடங்கிய மெட்டாடேபிளையும் பொருத்திவிடுகிறது, அதன் பிறகே உண்மையான கோப்பைத் திறந்து, சுட்டை அதற்குள் எழுதுகிறது. இடையில் நினைவகம் தீர்ந்து பிழை எழுந்தாலும், பயன்பாட்டில் இல்லாத பொருள்களை விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் காண்பது முரணற்ற ஒரு பொருளையே. வரிசையை மாற்றி, திறந்த பின் யூசர்டேட்டாவை உருவாக்கினால், அந்த ஒரு வரியில் பிழை எழும்போது கோப்பு யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடும்.

கடலோடி

அச்சாணி அவர்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குப்பை சேகரிப்பான் பைட்டுகளைத்தான் எண்ணுகிறது. இயங்குதளத்தில் எத்தனை கோப்புகள் திறந்திருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. சில பைட்டுகளே உள்ள யூசர்டேட்டா ஒவ்வொன்றும் ஒரு கோப்பைப் பிடித்திருந்தால், சேகரிப்பு தொடங்கும் முன்பே வரம்பு தீர்ந்துவிடலாம். அதற்காகத்தான் 5.4-இல் 'குளோஸ்' என்று குறிக்கப்படும் உள்ளூர் மாறிகள் வந்தன: தொகுதியை விட்டு வெளியேறும்போது, அது பிழையினால் ஆனாலும், அப்பொருளின் குளோஸ் மெட்டாமெத்தட் அழைக்கப்படும். சி பக்கத்தில் 'டுகுளோஸ்' என்ற ஏபிஐ செயற்கூறு இதே வேலையைச் செய்கிறது.

லுவா முழுவதையும் சி பிளஸ் பிளஸ் ஆகக் கம்பைல் செய்வது மற்றொரு வழி. அப்போது லாங்ஜம்பின் இடத்தில் விதிவிலக்கை எறியும் த்ரோவும் செட்ஜம்பின் இடத்தில் அதைப் பிடிக்கும் ட்ரை-கேட்சும் வந்துவிடுவதால் அழிப்பிகள் இயங்கும். எனினும் கண்ணை மூடிக்கொண்டு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் செயற்கூற்றுக்குள் எங்காவது எல்லா விதிவிலக்குகளையும் பிடித்து விழுங்கும் கேட்ச் ஒன்று இருந்தால், அது லுவாவின் பிழையையும் சேர்த்தே விழுங்கிவிடும். மறுபுறம், பிகாலுக்குள் இருக்கும் கேட்சும் வருவது எதுவானாலும் பிடித்துக்கொள்கிறது. உங்கள் நிரலில் எழுந்த நினைவக விதிவிலக்கு ஒன்று அங்கே போய்ச் சேர்ந்தால், அதன் நிலை எண் -1 ஆகிறது. அந்த நொடியில் லுவா அடுக்கின் உச்சியில் தற்செயலாக எது இருந்ததோ, அதுவே பிழைப் பொருளாக உங்களிடம் வந்து சேரும். பிழைச்செய்தி என்று எண்ணி அதை அச்சிட்டால் ஏதோ ஒரு கோப்பின் பெயர் வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு காரணத்தைத் தேடுவது பெரும்பாடு.

சி வடிவ லுவாவையே வைத்துக்கொள்வதானால், சி பிளஸ் பிளஸ் வேலை முழுவதையும் ஓர் உள் தொகுதிக்குள் அடக்கி, விதிவிலக்குகளை அங்கேயே பிடித்து, செய்தியை நிலையான அளவுள்ள ஓர் எழுத்து அணிக்குள் நகலெடுத்துக்கொள்ளுங்கள். தொகுதி மூடி, அழிப்பிகள் அனைத்தும் இயங்கி முடிந்த பிறகே லுவா எரரை அழையுங்கள்.

அச்சாணி

பேனிக் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. எரர்ஜம்ப் சுட்டு காலியாக இருக்கும்போது, அதாவது எந்தப் பிகாலும் உயிருடன் இல்லாதபோது பிழை எழுந்தால், தாவுவதற்கு இடமில்லை. அப்போது லுவா பேனிக் செயற்கூற்றை அழைக்கிறது. அது திரும்பி வந்தால் நிரலை அபார்ட் செய்து நிறுத்திவிடுகிறது. நீங்கள் கண்ட வரியை அச்சிடுவது, துணை நூலகத்தின் நியூஸ்டேட் இயல்பாக அமைத்து வைக்கும் பேனிக் செயற்கூறு.

டேபிளைப் படிப்பது 'இ' குறியுள்ள செயல். அமைப்புக் கோப்பில் அந்தப் பெயருக்கு டேபிளுக்குப் பதிலாக 'நில்' (மதிப்பின்மை) இருந்தாலே பிழை எழப் போதும். எனவே லுவாவைத் தொடும் வேலை அனைத்தையும் ஒரே சி செயற்கூற்றுக்குள் எழுதி, அதைப் பிகால் வழியாக அழையுங்கள். லுவாவின் தனி இயக்கி நிரலும் இப்படித்தான் செய்கிறது: முதன்மைச் செயற்கூறு ஸ்டேட்டை உருவாக்கி, 'பிமெயின்' என்ற செயற்கூற்றையும் இரண்டு அளபுருக்களையும் தள்ளிப் பிகாலை அழைக்கிறது. அளபுருக்களுள் ஒன்று முழு எண், மற்றொன்று லைட் யூசர்டேட்டா, அதாவது வெறும் சுட்டு. மேல்மதிப்புகள் (செயற்கூற்றோடு சேர்த்து வைக்கப்படும் மதிப்புகள்) இல்லாத சி செயற்கூறு, முழு எண், லைட் யூசர்டேட்டா ஆகிய மூன்றையும் தள்ள நினைவக ஒதுக்கீடு தேவையில்லை. ஆகவே பாதுகாப்புக்கு வெளியே இருக்கும் அந்தச் சில வரிகளில் பிழை எழ வழியே இல்லை.

தறிநூல்

இருவருக்கும் மிக்க நன்றி. செயற்கூறுகளின் வரிசையை மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். இன்னொரு ஐயம்: பிகால் தோல்வியைத் தெரிவித்த பிறகு டிரேஸ்பேக்கை (அழைப்புத் தொடரின் பட்டியலை) எடுத்தால், பிழை எழுந்த லுவா வரி அதில் இருப்பதே இல்லை. ஏன்?

கடலோடி

பிகால் உங்களிடம் திரும்பும்போது லுவா அடுக்கு ஏற்கெனவே பழைய உயரத்துக்குச் சுருக்கப்பட்டுவிட்டது. காட்ட வேண்டிய சட்டகங்கள் அங்கே இல்லை. பிகாலின் கடைசி அளபுருவாகச் செய்தி கையாளியின் அடுக்கு இடத்தைக் கொடுங்கள். அது தாவலுக்கு முன், பிழை எழுந்த இடத்தின் மேலேயே இயங்குவதால் முழு டிரேஸ்பேக்கையும் அதற்குள் எடுத்துவிடலாம். நினைவகப் பிழைக்கு மட்டும் கையாளி அழைக்கப்படாது. அந்தச் செய்திச் சரம்கூட ஸ்டேட் உருவாகும்போதே செய்து வைக்கப்பட்டு, குப்பை சேகரிப்பிலிருந்து விலக்கு பெற்றது. கையாளிக்குள் எழும் பிழைக்கு வேறு நிலை எண் உண்டு, ஆகவே திரும்பும் எண்ணை வெறுமனே சுழியா இல்லையா என்று பார்க்காமல், எது என்று பிரித்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.