படப்பெயரில் வரும் ‘அல்லது’வுக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் நூலக மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை பழைய படம் போடுகிறோம். ஒரு புரொஜெக்டர், திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி, முப்பது நாற்காலி, அவ்வளவுதான். அடுத்த நான்கு மாதத்துக்கு ஒரு வரிசை யோசித்திருக்கிறேன்: 1960களில் வந்த, சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் அளவு நீளமான பெயருள்ள ஆங்கில நகைச்சுவைப் படங்கள். துண்டறிக்கையைத் தமிழில்தான் அடிப்பது வழக்கம். அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இவற்றில் சில படங்களுக்கு ஒரு பெயர் வருகிறது, பிறகு ‘ஆர்’ என்று ஒரு சொல், அதற்குப் பிறகு இன்னொரு பெயர். அந்த இரண்டாவது பெயரைத் தமிழில் எப்படிக் குறிப்பது? ‘மாற்றுத் தலைப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. அப்படியே எந்தெந்தப் படம் போடலாம் என்றும் சொல்லுங்கள்.

* * *

துணைத்தலைப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாமே. எதற்குப் புதுச்சொல்?

* * *

> துணைத்தலைப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

போகலாம்தான். ஆனால் படம் போடும் இடத்தில் துணைத்தலைப்பு என்றால் பாதிப் பேர் திரைக்கு அடியில் ஓடும் வசன வரியைத் தேடுவார்கள். அதையும் அப்படித்தானே மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். போகட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். துணை என்றால் கூட வந்து உதவ வேண்டும். இந்தப் படங்களில் ‘ஆர்’க்குப் பின்னால் வருவது உதவுவதில்லை, முதல் பெயரின் காலை வாரிவிடுகிறது.

தம்பி கேட்ட பட்டியலையும் சொல்லையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. படத்தை எடுத்துவைத்துச் சொல்லை உரசிப் பார்ப்போம்.

முதலில் ஸ்டான்லி குப்ரிக்கின் 1964 படம். ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ் அல்லது: கவலையை விட்டுவிட்டு அணுகுண்டை நேசிக்க நான் கற்றுக்கொண்டது எப்படி’. பார்த்தவர்கள் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். நடுவானில் ஒரு விமானம் இன்னொன்றுக்கு எரிபொருள் ஊட்டுகிறது, பின்னால் தாலாட்டு மாதிரி ஒரு மெட்டு. அதன் மேல் பாப்லோ ஃபெர்ரோ கையால் எழுதிய எழுத்துகள், ஒல்லியும் தடியுமாகத் திரை முழுக்கக் கோணல்மாணலாகப் பரவுகின்றன. பள்ளிக்கூடப் பையன் நோட்டு அட்டையில் எழுதுவானே, அந்த மாதிரி. பீட்டர் ஜார்ஜ் எழுதிய சிரிப்பே இல்லாத ஒரு நாவலைத்தான் குப்ரிக் கையில் எடுத்தார். திரைக்கதை எழுதும்போதுதான் அது நகைச்சுவையாகத் திரும்பியது. அந்தத் திருப்பம் பெயரிலேயே இருக்கிறது. டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ் என்பது ஒரு ஆளின் பெயர். அதற்குப் பின்னால் வருவது சுயமுன்னேற்றப் புத்தகத்தின் அட்டை.

சரி, அணுகுண்டை நேசிக்கக் கற்றுக்கொண்ட அந்த ‘நான்’ யார்? படத்தில் அப்படி யாரும் தன் கதையைச் சொல்வதில்லை. பீட்டர் செல்லர்ஸ் மூன்று வேடம் போடுகிறார், மூன்று பேரும் அந்த ‘நான்’ இல்லை. கௌபாய் தொப்பியை ஆட்டிக்கொண்டு, குண்டின் மேல் குதிரை மாதிரி உட்கார்ந்து கீழே போகிறாரே மேஜர் காங், அவரும் இல்லை.

அடுத்தது கென் அன்னாகின் 1965இல் எடுத்தது. ‘பறக்கும் எந்திரங்களில் அந்த மகா வீரர்கள், அல்லது லண்டனிலிருந்து பாரிசுக்கு நான் 25 மணி 11 நிமிடத்தில் பறந்தது எப்படி’. குடும்பத்தோடு பார்க்க என் முதல் பரிந்துரை இதுதான். கதை 1910இல் நடக்கிறது. ஒரு பத்திரிகை முதலாளி 10,000 பவுண்டு பரிசு வைத்து விமானப் பந்தயம் நடத்துகிறார். விமானங்களெல்லாம் கம்பியும் துணியும் மரச்சட்டமும்தான், பழைய வடிவங்களைப் பார்த்துப் படத்துக்காகவே செய்து உண்மையாகவே பறக்கவிட்டார்கள். அதில் ஒரு ஜெர்மன் ராணுவ அதிகாரி வருவார், கெர்ட் ஃப்ரோபே நடித்தது. விமானம் ஓட்டவே தெரியாது. கையில் செய்முறைப் புத்தகம் இருக்கிறது, பிறகு என்ன பயம்? விரித்து, ‘முதலாவது: உட்காரவும்’ என்று உரக்கப் படித்துவிட்டு உட்காருகிறார். எனக்கு இன்றும் புது மிக்சி வாங்கினால் அந்த முகம்தான் நினைவுக்கு வரும்.

இதிலும் பாருங்கள், பெயரின் முதல் பாதி ‘அவர்கள்’, இரண்டாம் பாதி ‘நான்’.

மூன்றாவது, ரோமன் போலன்ஸ்கியின் 1967 படம். இது நம் விவாதத்துக்காகவே செய்து வைத்த மாதிரி இருக்கிறது. பிரிட்டனில் இதன் பெயர் ‘ரத்தக் காட்டேரிகளின் நடனம்’. அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் படத்தை வெட்டிச் சுருக்கி, பெயரை மட்டும் இழுத்து நீட்டினார்கள்: ‘அஞ்சா நெஞ்சக் காட்டேரிக் கொலைஞர்கள், அல்லது மன்னிக்கவும், உங்கள் பல் என் கழுத்தில் இருக்கிறது’. நடனம் என்ற பெயருக்குப் பதிலாகக் கொலைஞர்கள் வந்ததே, அதுதான் மாற்றுத் தலைப்பு. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார்கள். பல்லும் கழுத்தும் யாரையும் மாற்றவில்லை, பின்னால் தொங்குகின்றன. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இந்த ஒரு படத்துக்குத் துண்டறிக்கை எழுதுவதே திண்டாட்டம்.

ஆக மூன்று படத்திலும் நடப்பது ஒன்றே. முதல் பாதி படர்க்கையில் கம்பீரமாக நிற்கிறது. ‘அல்லது’ வருகிறது. உடனே பெயர் தன்மைக்குத் தாவுகிறது, யாரோ ஒரு ஆள் நம் காதருகே வந்து ‘நான்’ என்கிறான். சிரிப்பு அந்தத் தாவலில் இருக்கிறது. தாவ வைக்கும் சொல் ‘அல்லது’. அதனால்தான் சொல்கிறேன், அல்லது தலைப்பு என்றே வைத்துவிடலாம். கலைச்சொல் என்றால் வடமொழியிலோ சங்கத்திலோ வேர் தேடித்தான் ஆக வேண்டுமா? கண்ணுக்கு முன்னால் இருக்கும் சொல்லையே பெயராக்கினால் பார்த்தவுடன் புரியும்.

‘வால்தலைப்பு’ என்று சொல்லத் தோன்றும், எனக்கும் தோன்றியது. தலையும் வாலும் ஒரே சொல்லில் மோதிக்கொள்வது வேடிக்கைதான். ஆனால் ஒருமுறைக்கு மேல் சிரிப்பு வராது. இன்னொன்றும் யோசித்தேன். சேலைக்குத் தலைப்பு என்பதே தொங்கும் பகுதிதான், அப்படியானால் இதை ‘முந்தானை’ என்றே சொல்லலாம்! வீட்டில் சொன்னேன். “அதை விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்” என்று பதில் வந்தது. விட்டுவிட்டேன்.

நீளமாக இருந்தும் ‘அல்லது’ இல்லாத பெயர்களை இதில் சேர்க்கக் கூடாது. அவற்றுக்கு நம்மிடம் ஏற்கெனவே இலக்கணம் இருக்கிறது. ஸ்டான்லி கிரேமரின் 1963 படம் ‘இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்’. நான்கு மேட். ஒரு சொல் ‘இரண்டு மூன்று நான்கு’ வரை அடுக்கலாம் என்கிறது நன்னூல். கிரேமர் ஐந்தாவது மேட் ஒன்றையும் சேர்க்க நினைத்து, மிகை என்று விட்டுவிட்டாராம். பவணந்தி முனிவர் தடுத்தாட்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். நார்மன் ஜூவிசனின் 1966 படம் ‘ரஷ்யர்கள் வருகிறார்கள், ரஷ்யர்கள் வருகிறார்கள்’. இது பதற்றத்தில் கத்துவது. ‘விரைசொல் அடுக்கே மூன்று வரம்பாகும்’ என்று தொல்காப்பியம் அளவு சொல்லியிருக்கிறது, இவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்த வகைக்கு ‘அடுக்குத் தலைப்பு’ போதும். நம் ‘அனுபவி ராஜா அனுபவி’யை இதில் சேர்க்க முடியாது, நடுவில் ராஜா உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இரண்டில் ரஷ்யர்களை விட்டுவிடாதீர்கள். சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அமெரிக்கத் தீவொன்றின் கரையோரம் தரைதட்டி நிற்கிறது. இழுத்துவிட ஒரு படகு வேண்டும், அதற்காகச் சிலர் கரையேறுகிறார்கள், அவ்வளவுதான் கதை. ஊரே போர் வந்துவிட்டதாக அலறுகிறது. ஆலன் ஆர்கின் உடைந்த ஆங்கிலத்தில் சமாளிப்பதைப் பார்க்கவே போடலாம். கடைசியில் தேவாலயக் கோபுரத்தில் ஒரு சிறுவன் தொங்க, இரண்டு தரப்பும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி அவனை மீட்கும் காட்சி வரும்போது நாற்காலிச் சத்தம் கேட்காது பாருங்கள்.

மேட் படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், இடைவேளைக்கு டீ ஏற்பாடு செய்துவிடுங்கள். தொடக்கத்தில் சாகக் கிடப்பவர் காலால் ஒரு வாளியை உதைப்பார், அது உருண்டு போகும். ‘வாளியை உதைப்பது’ என்றால் அந்த மொழியில் மண்டையைப் போடுவது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காட்சி ஓடும்போது விளக்கினால் நகைச்சுவையும் கூடவே போய்விடும். ரிச்சர்ட் லெஸ்டரின் ‘மன்றத்துக்குப் போகும் வழியில் ஒரு வேடிக்கை நடந்தது’ம் 1966தான். பஸ்டர் கீட்டன் தள்ளாத வயதில் ரோமின் ஏழு குன்றையும் சுற்றிக்கொண்டே இருப்பார். ஆனால் குழந்தைகள் வருவார்கள் என்றால் வேண்டாம்.

* * *

நூலகத்தில் முப்பது வருடம் பட்டியல் போட்டவள் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

நீங்கள் தேடுவது எங்கள் துறையில் இருக்கிறது. ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு, ‘ஆர்’ சேர்க்கும் இரு பகுதிகளில் இரண்டாவதைத் தனியாக வரையறுக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் ‘மாற்றுத் தலைப்பு’தான் வரும். எனவே தம்பி எழுதியது தப்பில்லை. ‘இணைத்தலைப்பு’ என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அதை இன்னொரு மொழியில் அச்சாகும் அதே தலைப்புக்குக் கொடுத்துவிட்டோம். விதிப்படி ‘அல்லது’வுக்கு முன்னும் பின்னும் காற்புள்ளி. குப்ரிக் பின்னால் முக்காற்புள்ளி வைத்திருக்கிறார், அவரிடம் யார் கேட்பது?

‘அல்லது தலைப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு சந்தேகம். அன்னாகின் 1969இல் கார்ப் பந்தயத்தை வைத்து எடுத்த படம் ‘மாண்டி கார்லோ ஆர் பஸ்ட்’. இதிலும் ‘ஆர்’ இருக்கிறதே, இதுவும் அல்லது தலைப்பா? அமெரிக்காவில் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள் என்பதால் உங்கள் கணக்கில் அதற்கு மாற்றுத் தலைப்பும் உண்டு.

இரண்டாவது, தன்மைக்குத் தாவுவதுதான் அடையாளம் என்று சொல்லிவிட்டால் நம் புத்தகங்கள் வெளியே நிற்கும். ராஜம் ஐயர் 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக எழுதியது ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. பரிதிமாற் கலைஞரின் நாடகம் ‘ரூபாவதி அல்லது காணாமற்போன மகள்’. இவற்றில் ‘நான்’ எங்கே இருக்கிறது? ராஜம் ஐயர் விஷயத்தில் முன்பாதி மறைந்து, பின்பாதிதான் ஊர் வாயில் நிலைத்தது. வால் என்று சொல்லியிருந்தால் வாலே முழு மாடாகிவிட்டது என்று எழுத வேண்டியிருக்கும்.

* * *

அம்மா சொன்ன இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன். தாவல் அந்த மூன்று படங்களின் குறும்பு, சொல்லின் வரையறை இல்லை. ‘இரண்டு முழுப் பெயர்கள், நடுவில் அல்லது’ என்று வரையறுப்போம். கமலாம்பாள் உள்ளே வரட்டும்.

முதலாவதற்குத் தமிழே பதில் சொல்கிறது. ‘மாண்டி கார்லோ ஆர் பஸ்ட்’ஐ மொழிபெயர்த்துப் பாருங்கள். ‘மாண்டி கார்லோ, இல்லாவிட்டால் மண்’. அங்கே அல்லது வரவே வராது. ஆங்கிலம் ஒரே ‘ஆர்’ஐ இரண்டுக்கும் வைத்துக்கொண்டு தவிக்கிறது, நமக்கு அல்லது வேறு, இல்லாவிட்டால் வேறு. தமிழில் பெயர்த்த பிறகும் ‘அல்லது’ நின்றால் அது அல்லது தலைப்பு.

‘அல்லதுத் தலைப்பு’ என்று ஒற்றுப் போட வேண்டாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். வன்றொடர்க் குற்றியலுகரமாக இருந்தால் மிகும், பாட்டுப் புத்தகம் மாதிரி. இது உயிர்த்தொடர், ஒற்று வேண்டாம். ‘அழகுத் தமிழ்’ என்று எழுதுகிறவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை.

* * *

எல்லோருக்கும் நன்றி. நான்கு படம் முடிவாகிவிட்டது: பறக்கும் எந்திரங்கள், ரஷ்யர்கள், மேட், கடைசியாக ஸ்ட்ரேஞ்ச்லவ். துண்டறிக்கையில் ‘அல்லது தலைப்பு’ என்றே போட்டு, அடியில் ஒரு வரி விளக்கமும் கொடுத்தேன். படத்தின் பெயர் மட்டும் நான்கு வரி பிடித்ததால் அச்சகத்தில் அந்த விளக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

நேற்று காலையிலிருந்து மூன்று போன் வந்துவிட்டது. மூன்று பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்:

“சார், பறக்கும் எந்திரம் ‘அல்லது’ லண்டன்-பாரிஸ்னு போட்டிருக்கீங்க. ரெண்டுல எந்தப் படம் சார் போடறீங்க?”