சிக்கன் சாலட் வைத்துச் சுருட்டிய சப்பாத்தி மதியத்துக்குள் ஊறிப்போகிறது

வணக்கம். மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் சப்பாத்தியில் சிக்கன் சாலட் வைத்துச் சுருட்டிக் கொடுத்தனுப்புகிறேன். காலை 6.30 மணிக்கு நான் கட்டுவதை அவள் 12.45 மணிக்குத் திறக்கும்போது, அடிமடிப்பு நீரில் ஊறிக் கிழிந்து, கோழியும் கேரட்டும் டப்பாவின் மூலையில் தயிர்த் தண்ணீரோடு கிடக்கின்றன. ஒரு மாதமாக இதே நிலைதான்; பாதியை அப்படியே திரும்பக் கொண்டுவருகிறாள். பசியோடு மாலை வரை உட்கார்ந்திருக்கிறாளே என்பதுதான் என் கவலை.

ஒரு சுருளுக்கு, முந்தைய இரவே வேகவைத்து ஃப்ரிட்ஜில் குளிரவைத்து உதிர்த்த கோழி 80 கிராம், வெள்ளரி, கேரட், இரண்டு மேசைக்கரண்டி தயிர், மிளகு, உப்பு சேர்க்கிறேன். தயிரைத் துணியில் கட்டி இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வடியவிட்டேன். வெள்ளரியின் விதைப்பகுதியை நீக்கி, உப்புப் பிசறிப் பிழிந்தேன். சப்பாத்தியை நன்றாக ஆறவிட்டே சுருட்டினேன். மைதா கலந்து தடிமனாகத் தேய்த்தபோது கிழியவில்லை, ஆனால் மெல்ல முடியாதபடி விறைத்துவிட்டது. நம் ஊர் வெக்கையில் கோழி கெட்டுவிடக் கூடாது என்று ஐஸ் பையும் உடன் வைக்கிறேன். இடைவேளை குறைவு என்பதால், தனித்தனியாகக் கொடுத்து அங்கே சுருட்டச் சொல்லவும் வழியில்லை.

சப்பாத்திக்கும் சாலட்டுக்கும் இடையில் எதைத் தடவினால் அல்லது விரித்தால், ஆறு மணி நேரம் ஊறாமல் மென்மையாக இருக்கும்?